கேட்பவர் வேறு, எடுப்பவர் வேறு

மூளைச்சாவு அடைந்தவரின் உடம்பு சூடாகத்தான் இருக்கும். நெஞ்சு ஏறி இறங்கும், மானிட்டரில் துடிப்பு ஓடும், கட்டிலுக்குக் கீழே தொங்கும் பையில் சிறுநீர் சேர்ந்துகொண்டே இருக்கும். பையனை அந்த நிலையில் பார்த்துவிட்டு ஐசியூவை விட்டு வெளியே வரும் அம்மாவிடம் "உங்க மகன் இறந்துட்டாரும்மா" என்று ஒருவர் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவர் வந்து "கிட்னி, ஈரல், கண்ணெல்லாம் குடுக்க முடியுமா" என்று கேட்க வேண்டும். மருத்துவ அறத்தை நாலு கொள்கையாகப் பிரித்துச் சொல்வார்கள்: நோயாளியின் விருப்பத்தை மதிப்பது, நன்மை செய்வது, தீங்கு செய்யாமல் இருப்பது, நியாயமாகப் பங்கிடுவது. வகுப்பில் கேட்டால் நாலும் சுலபமாக மனப்பாடம் ஆகிவிடும். ஐசியூ வாசல் பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்காரும்போதுதான் நாலும் ஒன்றோடு ஒன்று சண்டை போடும்.

உறுப்பு மாற்று விஷயத்தைக் கொஞ்ச காலமாகத் தொடர்ந்து வாசித்ததில் எனக்குப் பட்டது இது: இந்தத் துறையில் உருப்படியான விதி என்று எதைப் பார்த்தாலும் அது ஒரே வேலையைத்தான் செய்கிறது. ஆதாயம் அடையப்போகிறவரையும் முடிவு சொல்லப்போகிறவரையும் தள்ளித் தள்ளி உட்கார வைக்கிறது. இந்த இருவரும் ஒரே ஆளாகிப்போன இடத்தில்தான் வில்லங்கம் எல்லாம் நடந்திருக்கிறது.

முதலில் வென்டிலேட்டர். 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது பிஜோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர் ஒரு யோசனை செய்தார். மூச்சுத் தசைகள் செயலிழந்த 12 வயதுச் சிறுமிக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, அதோடு இணைத்த பையைக் கையால் அழுத்தி அழுத்திக் காற்றைச் செலுத்தினார், பிள்ளை பிழைத்தது. அதற்கப்புறம் சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவு பகலாக நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து பையை அழுத்தினார்கள். பிறகு அந்தக் கைகளின் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. நவீன ஐசியூ பிறந்த கதை ஏறக்குறைய இதுதான். ஆனால் இயந்திரம் வந்ததும் யாரும் எதிர்பார்க்காத ஒரு புதுவகை நோயாளியும் வந்தார். மூளை முழுசாக நின்றுவிட்டது, மிஷின் மூச்சு கொடுப்பதால் இதயம் மட்டும் ஓடுகிறது. 1959-ல் பிரெஞ்சு மருத்துவர்கள் இருவர் இந்த நிலையைக் கோமாவுக்கும் அப்பாற்பட்டது என்று பெயரிட்டு விவரித்தார்கள். இதை உயிர் என்பதா, சாவு என்பதா? அதுவரை உலகத்தில் யாருக்கும் வராத கேள்வி.

டிசம்பர் 1967-ல் கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் முதல் இதய மாற்று அறுவை செய்தார். நோயாளி 18 நாள் உயிரோடிருந்தார். அடுத்த வருஷமே ஹார்வர்டில் ஹென்றி பீச்சர் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து, மூளை மீளாமல் நின்றுவிட்டால் அது மரணமே என்று வரையறுத்தது. உறுப்பு தேவைப்பட்டது, அதனால்தான் சாவுக்குப் புது அர்த்தம் எழுதினார்கள் என்ற குற்றச்சாட்டு அன்றைக்கே எழுந்தது, இன்றைக்கும் ஓயவில்லை. அது முழுக்க நியாயமான குற்றச்சாட்டு என்று நான் நினைக்கவில்லை. உறுப்பு மாற்று என்ற ஒன்றே இல்லாதிருந்தாலும் மிஷினை எப்போது நிறுத்துவது என்ற கேள்வி வந்துதான் இருக்கும். ஆனால் சந்தேகம் இயல்பானது. கல்யாணத் தரகரே ஜாதகமும் பார்த்துப் பொருத்தம் சொன்னால் நாம் நம்புவோமா?

அந்தச் சந்தேகத்துக்குப் பதிலாகத்தான் விதி எழுதினார்கள். இந்தியாவில் 1994-ல் வந்த மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி மூளைத்தண்டுச் சாவை (மூச்சை இயக்கும் மூளையின் அடிப்பகுதி மீளாமல் நின்றுபோவதை) நாலு மருத்துவர்கள் சேர்ந்து உறுதி செய்ய வேண்டும். மருத்துவமனைப் பொறுப்பாளர், சிகிச்சை தரும் மருத்துவர், நரம்பியல் அல்லது நரம்பு அறுவை நிபுணர் (அவர் கிடைக்காத இடத்தில் தகுதியுள்ள வேறு நிபுணர்), அரசு ஒப்புதல் பெற்ற பட்டியலிலிருந்து ஒருவர். உறுப்பை எடுக்கப்போகிற, பொருத்தப்போகிற குழுவைச் சேர்ந்த யாரும் இந்த நால்வரில் இருக்கக் கூடாது. சோதனையை ஒருமுறை செய்துவிட்டு, குறைந்தது 6 மணி நேரம் விட்டு முழுசாக மறுபடியும் செய்ய வேண்டும்.

என்ன சோதனை? கண்ணில் டார்ச் அடித்தால் கண் பாப்பா சுருங்குகிறதா, கண்ணின் முன்பக்கம் இருக்கும் கருவிழிப் படலத்தைப் பஞ்சால் தொட்டால் இமை துடிக்கிறதா, தொண்டைக்குள் குழாய் விட்டால் இருமல் வருகிறதா, காதுக்குள் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் கண் அசைகிறதா என்று வரிசையாகப் பார்ப்பார்கள். கடைசியாக மூச்சுச் சோதனை. நல்ல ஆக்சிஜன் கொடுத்துவிட்டு வென்டிலேட்டரைக் கழற்றுவார்கள். ஆக்சிஜன் மெல்லிய குழாய் வழியாகப் போய்க்கொண்டிருக்கும். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற, மூளைத்தண்டில் துளி உயிர் இருந்தாலும் அது "மூச்சு விடு" என்று உடம்பை உதைக்கும். நெஞ்சுச் சட்டையை விலக்கிவிட்டு எல்லாரும் நெஞ்சையும் வயிற்றையும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த வாயுவின் அளவு 60 மி.மீ. பாதரசத்தைத் தாண்டிய பிறகும் ஒரு சின்ன அசைவுகூட இல்லை என்றால்தான் தாளில் எழுதுவார்கள். பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும் வேலைதான், ஆனால் இந்தச் சோதனையைக் குடும்பத்தில் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திச் செய்தால், "மிஷின்லதானே மூச்சு ஓடுது, எடுத்துட்டா வந்துரும்னு நெனச்சேன்" என்று எண்ணியிருந்தவருக்கு எந்த விளக்கமும் தேவைப்படாது என்று சொல்வார்கள். எனக்கும் அது சரி என்றே படுகிறது. எந்தப் படிவமும் தராத புரிதல் அது.

இதில் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. நம் சட்டம் மூளைத்தண்டுச் சாவைப் பேசுவது உறுப்பு மாற்றுக்காக மட்டும். குடும்பம் "சரி, எடுத்துக்கங்க" என்றால் அவர் இறந்தவர். "வேண்டாம்" என்றால்? அதே கட்டில், அதே சோதனை முடிவு, ஆனால் மிஷினை நிறுத்தலாமா என்று கேட்டால் பல மருத்துவமனைகள் தயங்கும். இதயம் தானாக நிற்கும் வரை ஒரு நாளோ நாலு நாளோ, பில் ஏறிக்கொண்டே இருக்கும். ஒரே மனிதர் பக்கத்தில் கையெழுத்து இருந்தால் பிரேதம், இல்லாவிட்டால் நோயாளி. கேரள அரசு 2020-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டு, உறுப்பு தானம் உண்டோ இல்லையோ மூளைச்சாவு மரணம்தான் என்று இதைத் தெளிவாக்கப் பார்த்தது. நாடு முழுக்க அப்படி ஒரு தெளிவு வராத வரை, "உறுப்புக்காகத்தானே செத்துட்டாருன்னு சொல்றீங்க" என்று கேட்கும் சொந்தக்காரருக்கு நேர்மையான பதில் சொல்வது கஷ்டம்.

உயிரோடு இருப்பவர் கொடுக்கும் கிட்னியின் கதை இதைவிடக் கசப்பானது. 1954-ல் பாஸ்டனில் ஜோசப் முர்ரே முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றைச் செய்தபோது கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் பிறந்த இரட்டையர். வேறு யாருடையதை வைத்தாலும் உடம்பு தள்ளிவிடும். 1980-களில் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வந்து அந்த எதிர்ப்பை அடக்கியது. மகத்தான கண்டுபிடிப்பு, எத்தனையோ பேர் பிழைத்தார்கள். கூடவே இன்னொன்றும் நடந்தது: இனிமேல் சொந்த ரத்தம் தேவையில்லை, ரத்த வகை பொருந்தினால் யாருடைய கிட்னியும் ஆகும். யாருடையதும் ஆகும் என்றால் ஏழையுடையதும் ஆகும், அல்லவா? சென்னை வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்ற பட்டப்பெயர் வந்தது இப்படித்தான்.

1994 சட்டம் கிட்னி விற்பனையைக் குற்றமாக்கியது. ஆனால் ஒரு கதவைத் திறந்து வைத்தது: நெருங்கிய உறவு இல்லாதவரும் 'அன்பு, பற்று அல்லது வேறு சிறப்புக் காரணம்' இருந்தால் அங்கீகாரக் குழுவின் ஒப்புதலோடு கொடுக்கலாம். நியாயமான விதிதான், உயிர் நண்பனுக்குக் கொடுக்க ஆசைப்படுபவரைத் தடுப்பானேன்? ஆனால் ப்ரோக்கர்கள் அந்தக் கதவு வழியாக லாரியே ஓட்டினார்கள். திடீர் அண்ணன், திடீர் மனைவி, புதுசாகப் போட்ட ரேஷன் கார்டு, குழுவின் முன்னால் என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை. அன்பை நிரூபிக்கத் தாள் கேட்டால் தாள் கிடைக்கும். தாள் தயாரிப்பவர்தான் அந்த அன்பில் கமிஷன் பார்ப்பவர்.

இதில் விற்றவருக்கு என்ன ஆனது என்பதற்குச் சென்னையிலேயே செய்த ஆய்வு ஒன்று 2002-ல் ஜாமா மருத்துவ இதழில் வந்தது. கிட்னி விற்ற 305 பேரைப் பார்த்துப் பேசினார்கள். 96 சதவீதம் பேர் விற்றது கடனை அடைக்க. பேசிய தொகை சராசரி 1,410 டாலர், கைக்கு வந்தது 1,070. பல வருஷம் கழித்துப் பார்த்தால் குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது, முக்கால்வாசிப் பேர் அப்போதும் கடனில் இருந்தார்கள், 86 சதவீதம் பேர் உடம்பு முன்பு போல இல்லை என்றார்கள். 'ஏழைக்கு அவன் உடம்பை விற்கும் சுதந்திரம் வேண்டும், அவன் விருப்பம்தானே' என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள், அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்கள்தான் ஞாபகம் வரும். கடன்காரன் வாசலில் நிற்கும்போது சொல்லும் சம்மதத்தை விருப்பம் என்று எப்படி எடுத்துக்கொள்வது?

2004 சுனாமியில் எல்லாம் இழந்து வடசென்னை எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவர் குடும்பங்களில் பல பெண்கள் கிட்னி விற்றிருக்கிறார்கள் என்பது ஜனவரி 2007-ல் வெளியே வந்தபோது தமிழ்நாடே அதிர்ந்தது. 2011-ல் சட்டத்தைத் திருத்தித் தண்டனையை 10 வருஷச் சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் என்று கூட்டினார்கள். சரி, நின்றுவிட்டதா? 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களைக் குறிவைத்துக் கிட்னி வாங்கியதாகப் புகார் கிளம்பியது. விசாரணை, இரண்டு தனியார் மருத்துவமனைகளின் உறுப்பு மாற்று அனுமதி நிறுத்தம், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அமைத்த சிறப்புப் புலனாய்வு என்று அது நீண்டது. வில்லிவாக்கத்தில் ஆரம்பித்து எர்ணாவூர் வழியாகப் பள்ளிபாளையம் வரை, ஊர்தான் மாறுகிறது. கடனும் ப்ரோக்கரும் அப்படியே இருக்கிறார்கள்.

எர்ணாவூர் அதிர்ச்சியில் ஒரு நல்லதும் நடந்தது. உயிரோடு இருப்பவரிடம் வாங்குவதைக் குறைக்க ஒரே வழி, இறந்தவரிடமிருந்து பெறுவதைச் சீராக்குவது. 2008-ல் தமிழக அரசு வரிசையாக அரசாணைகள் போட்டது, ரத்தநாள அறுவை மருத்துவர் ஜெ. அமலோற்பவநாதன் ஒருங்கிணைப்பாளர் ஆனார். காத்திருப்போர் பட்டியல் மருத்துவமனைகளின் மேசையிலிருந்து பொது இடத்துக்கு வந்தது. அந்த செப்டம்பரிலேயே திருக்கழுக்குன்றத்தில் மருத்துவர்களாக இருந்த ஒரு தம்பதி, பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் 15 வயது மகனின் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். போலீஸ் வழிவிட, அவன் இதயம் ஊரைக் கடந்து ஒரு சின்னப் பெண்ணிடம் போய்ச் சேர்ந்தது. அந்தப் பையனின் பெயர் அப்போது தமிழ்நாட்டில் தெரியாத ஆளில்லை, டீக்கடையில்கூட மூளைச்சாவு பற்றிப் பேசினார்கள். அந்த அரசாணைகளை அதற்குமுன் எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

இந்தத் திட்டம் நடப்பது நம்பிக்கையில். தெருவில் நாலு பேர் "அங்க போனா உறுப்பை எடுத்துருவாங்க" என்று பேச ஆரம்பித்தால் எந்தச் சட்டமும் உதவாது. 2018-ல் அப்படி ஒரு புகார் வந்தது. தமிழ்நாட்டில் விபத்தில் சிக்கிய பாலக்காட்டு இளைஞர் ஒருவரின் குடும்பம், தனியார் மருத்துவமனைப் பில்லைக் கட்ட முடியாத நிலையைப் பயன்படுத்திக் கையெழுத்து வாங்கி உறுப்புகளை எடுத்துவிட்டார்கள் என்று குற்றம் சாட்டியது, கேரள முதல்வர் பினராயி விஜயன் தமிழக முதல்வருக்குக் கடிதம் எழுதும் அளவுக்குப் போனது. உண்மை எதுவாக இருந்தாலும், பில் கேட்கும் கவுன்ட்டரும் தானம் கேட்கும் நாற்காலியும் ஒரே கட்டிடத்தில் அடுத்தடுத்து இருந்தால் இந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். தானத்துக்குச் சம்மதித்த பிறகு உடலைப் பராமரிக்கும் செலவைக் குடும்பத்தின் தலையில் கட்டக் கூடாது என்று 2014 விதிகள் சொல்கின்றன. அதற்கு முந்தைய பில்? அங்கேதான் சிக்கல். மூன்று லட்சம் பாக்கி வைத்திருக்கும் அப்பாவிடம் "கட்டாயமில்லை, உங்க இஷ்டம்" என்று எவ்வளவு மென்மையாகச் சொன்னாலும் அவர் காதில் வேறு மாதிரி விழும்.

கேட்பதற்கென்றே ஓர் ஆளை வைத்தது இதனால்தான். உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் என்று பெயர், ஆஸ்பத்திரிகளில் கோஆர்டினேட்டர் என்றே கூப்பிடுவார்கள். அனுபவமுள்ளவர்கள் சொல்லும் முதல் பாடம், சாவுச் செய்தியையும் தானக் கேள்வியையும் ஒரே மூச்சில் சொல்லாதே. முதலாவது மனதில் இறங்க நேரம் கொடு, அழட்டும், யாருக்காவது போன் போடட்டும், அப்புறம் கேள்.

யாருக்குக் கொடுப்பது என்பது தனித் தலைவலி. உறுப்பு எடுக்கும் மருத்துவமனைக்கே ஒரு பங்கு முன்னுரிமை, மற்றது பொதுப் பட்டியலுக்கு என்று ஒரு சமரசம் வைத்திருக்கிறார்கள். எந்த ஆதாயமும் இல்லை என்றால் எந்த மருத்துவமனையும் அந்த உடலைப் பராமரிக்க மெனக்கெடாது. ஆதாயம் அதிகமானால் சந்தேகம். நான் முன்னால் சொன்ன விதியை இங்கே கொஞ்சம் வளைத்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது, வேறு வழி எனக்கும் தெரியவில்லை. ஆனால் கொடுப்பவர் பெரும்பாலும் டூவீலரில் போய் அடிபட்டவர், இதயமோ நுரையீரலோ பெறுபவர் பல லட்சம் கட்ட முடிந்தவர் என்ற படம் கண்ணை உறுத்துகிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் அரசு மருத்துவமனைகளும் கிட்னி, ஈரல் விஷயத்தில் இதை ஓரளவு சரி செய்கின்றன.

குடும்பத்துக்குள் கொடுப்பதில் பணம் இல்லை, ஆகவே பிரச்சினை இல்லை என்று நினைக்கிறோம். 1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த 36,640 உறுப்பு மாற்றுகளில் பெண்கள் பெற்றது 6,945 மட்டுமே. உயிரோடிருந்து கொடுப்பவர்களிலோ பெண்கள்தான் அதிகம். "புருஷனுக்குத்தானே, குடுக்க மாட்டியா" என்று மாமியார் கேட்கவே வேண்டாம், வீட்டில் யாரும் எதுவும் பேசாமல் இருந்தாலே போதும். கொடுப்பவரைத் தனியாக உட்கார வைத்துக் கேட்க வேண்டும் என்பது இதற்காக. உலகம் முழுக்க மருத்துவர்கள் இதில் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். தனியறையில் அந்தப் பெண் "எனக்கு பயமா இருக்கு டாக்டர், வேண்டாம்" என்றால், வெளியே வந்து "இவங்க கிட்னி சரிப்படாது" என்று மட்டும் குடும்பத்திடம் சொல்வார்கள். பொய்தான். உண்மை பேசுவது மருத்துவரின் கடமை, நோயாளியைக் காப்பதும் கடமை, இரண்டும் மோதும்போது இந்தப் பொய்யின் பக்கம் நிற்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. அவள் அந்த வீட்டுக்குத்தானே திரும்பிப் போக வேண்டும்.

அப்புறம் கணினி. யாருக்கு முதலில் என்பதை மனிதர் முடிவு செய்தால் பாரபட்சம் வரும், கணக்குக்கு விட்டுவிடலாம் என்று ஒரு எண்ணம். பிரிட்டனில் 2018 முதல் ஈரல் பங்கீட்டுக்கு அப்படி ஒரு மதிப்பெண் முறை வந்தது. மாற்று செய்தால் எவ்வளவு காலம் கூடுதலாக வாழ்வார் என்று அது கணக்கிடுகிறது, ஆனால் ஐந்து வருஷத்துக்கு மட்டும். ஈரல் கிடைத்தால் 40 வருஷம் வாழக்கூடிய 28 வயதுக்காரருக்கும் அந்தக் கணக்கில் ஐந்து வருஷம்தான். இளையவர்கள் பட்டியலில் பின்தங்குகிறார்கள் என்ற புகார் பின்னால் எழுந்தது. அந்த ஐந்து என்ற எண்ணைக் கணினியில் போட்டவரும் ஒரு மனிதர்தானே.

உறுப்புப் பற்றாக்குறைக்கு முடிவு என்று இப்போது எல்லாரும் பார்ப்பது பன்றியை. மரபணு திருத்திய பன்றியின் இதயத்தை ஜனவரி 2022-ல் பால்டிமோரில் ஒருவருக்கு வைத்தார்கள், இரண்டு மாதம் வாழ்ந்தார், அந்த இதயத்தில் பன்றி வைரஸ் ஒன்று இருந்தது பிறகு தெரிந்தது. மார்ச் 2024-ல் பாஸ்டனில் பன்றிக் கிட்னி. செய்திகள் இதைப் புத்தம் புதுசு போலச் சொல்லும்போது அசாமை யாரும் ஞாபகப்படுத்துவதில்லை. ஜனவரி 1997-ல் குவஹாத்தி அருகே சோனாபூரில் தனி ராம் பருவா என்ற அறுவை மருத்துவர், 32 வயது நோயாளி ஒருவருக்குப் பன்றியின் இதயத்தைப் பொருத்தினார். ஏழு நாளில் நோயாளி இறந்தார், பருவா 1994 சட்டத்தின் கீழ் கைதாகி 40 நாள் சிறையில் இருந்தார். இப்போது அமெரிக்காவில் நடந்ததும் அவரை ஒரு முன்னோடி, மேதை, நாம்தான் மதிக்கத் தவறிவிட்டோம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஏற்கவில்லை. மருத்துவமனை அவருடையது, ஆராய்ச்சி அவருடையது, செய்யலாம் என்று முடிவு செய்ததும் அவர்தான். பிழைத்திருந்தால் புகழும் அவருக்குத்தான். "பொறுங்க" என்று சொல்ல வெளியாள் ஒருவரும் அந்த அறையில் இல்லை.

பாஸ்டனில் வெளியாட்கள் இருந்தார்கள், அரசின் அனுமதி இருந்தது, பல பக்கப் படிவமும் இருந்தது. அதிலும் ஒரு புது முடிச்சு விழுந்திருக்கிறது. ஆராய்ச்சிக்குச் சம்மதித்தவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பது மருத்துவ அறத்தின் பழைய வாக்குறுதி. பன்றி உறுப்பு வழியாகப் புது நோய் ஏதாவது மனிதருக்குத் தொற்றுகிறதா என்று பார்க்க, பெற்றவரை ஆயுசுக்கும் கண்காணிக்க வேண்டும் என்கிறார்கள், அதிலிருந்து விலகுவது எளிதல்ல. அவர் ரத்ததானம் செய்யக் கூடாது. அவரோடு நெருங்கி வாழ்பவர்களும் செய்யக் கூடாது என்று அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர் ஒருவர்தான். கட்டுப்பாடு அவர் மனைவிக்கும் சேர்த்து.